சவுத் சேனல் – மூன்றாவது

மார்ச் 4, 2025, செவ்வாய்

சோறு போட்டுக்கொண்டிருந்தேன். டெரன்ஸ் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அக்கா, மூணாவது ஆல்பம் பண்ணப் போறேன். ஹாஃபிஸ்கிட்ட பேசிட்டேன்."

"நல்லதுதானே" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

முதல் 'சவுத் சேனல்' ஆல்பம் 2004இல். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இந்தத் தீவிலேயே, கெலுகோரில் வாடகை அறை, ஏழு மாதம், பத்தொன்பது வாத்தியங்கள், எல்லாவற்றையும் அவன் ஒருவனே வாசித்தான். பாட்டு கிடையாது. தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக, இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் இரண்டே இசைத் துண்டுகள். இங்கே யாரும் வாங்கவில்லை. ஜப்பானில், ஜெர்மனியில் ப்ராக்ரெசிவ் ராக் என்று நீள நீளமான ராக் இசை கேட்பவர்கள் வாங்கினார்கள். இன்றும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். அவர்கள் எழுதாதது, அதை முடித்தபோது அவன் பதினொரு நாள் தூங்கவில்லை என்பது. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கட்டிப் படுக்க வைத்தார்கள்.

இரண்டாவது 2013இல். மருந்து போட்டால் இசையின் அடிச் சத்தம், பேஸ், காதில் விழவில்லை என்று மருந்தை நிறுத்தினான். பதிவு முடிந்த வாரம் அக்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் ஓரக் கம்பி ஏறி அந்தப் பக்கம் நின்றான். ஃபெர்ரி ஆட்கள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

இப்போது மூன்றாவது.

மார்ச் 7, வெள்ளி

குளியலறையில் விரலால் வாளியைத் தட்டுகிறான். ஏழு, ஏழு, ஐந்து. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்கு? என்ன கண்டுபிடிக்கப் போகிறேன்?

மார்ச் 11, செவ்வாய்

ஃபேக்டரி கேண்டீனில், என்னோடு வேலை செய்யும் துளசி சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஒங்க தம்பிய நேத்து சாயங்காலம் ஃபெர்ரில பாத்தேன்க்கா. பின்னால தனியா நின்னுகிட்டு இருந்தாரு. கூப்ட்டேன், காதுல விழல போல."

நேற்று டெரன்ஸ், தான் வேலை செய்யும் கிட்டார் கடையில் ரிப்பேர் வேலை அதிகம், தாமதமாகும் என்றான்.

ஃபெர்ரி போகும் அக்கரையில், பட்டர்வொர்த்தில், அவனுக்கு யாரும் இல்லை. பன்னிரண்டு வருடமாக அவன் ஃபெர்ரியில் ஏறியதில்லை. பாலத்தில்தான் போவோம், என் காரில்.

இதை எழுதும்போது அவன் பக்கத்து அறையில் இருக்கிறான். இருமுகிறான். இருக்கிறான்.

மார்ச் 12, புதன்

அவன் கடைக்குப் போன பிறகு அவன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஜனவரித் தேதி போட்ட மருந்துப் பட்டை இரண்டு. ஒரு மாத்திரைகூடக் கிழிக்கவில்லை.

மறுபடியும் அதே இடத்தில் வைத்து மூடினேன். ஆண்டவரே. மறுபடியுமா?

மார்ச் 13, வியாழன்

வேலை முடிந்ததும் ஹாஃபிஸின் கடைக்குப் போனேன். ஹாஃபிஸ்தான் இசைத்தட்டு வெளியிடுகிறவர். நோன்பில் இருந்தார். நோன்பு மாதம் என்பதை மறந்து கையில் கோப்பியோடு போய் நின்றேன். "பரவால்ல, குடிங்கக்கா" என்றார். குடிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, ஃபெர்ரி, பட்டை, எல்லாம். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எனக்கு இது ஒண்ணுமே தெரியாதுலா அக்கா. ஜப்பான்ல வெளியிடப் போற கம்பெனிக்காரங்க பேப்பர்ல கையெழுத்து போட ரெடியா இருக்காங்க. அவங்ககிட்ட மறைச்சா தப்பாயிடும். நிறுத்தி வெச்சிர்றேன்."

அதைத்தானே கேட்க வந்தேன்? காருக்கு வந்து உட்கார்ந்தபோது நிம்மதி வரவில்லை. யாரையோ காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. யாரையோ இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்தபோது டெரன்ஸ் வாசலில் நின்றிருந்தான். ஹாஃபிஸ் போன் செய்து, நான் சொன்னதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"என்னக் கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டா பொய் சொல்வே."

"சொல்லியிருப்பேன்தான்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

பத்தரைக்குப் போன் அடித்தேன். அணைத்திருந்தது. பதினொன்றுக்கும் அப்படியே. ஃபெர்ரித் துறைக்கு ஓடினேன். ஏறினேன். அக்கரை போய் இறங்காமல் அதிலேயே திரும்பினேன். மறுபடி போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். நீல நிறத்தில் எது மிதந்தாலும் அவன் காலையில் போட்டிருந்த சட்டை என்று தோன்றியது. ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்து வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன் போல. ஒரு மலாய்க்கார அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றாவது முறை பட்டர்வொர்த்தை நெருங்கும்போது தெரியாத நம்பர். எடுக்கவே பயம். எடுத்தேன்.

"ஷெரில் அக்காவா? நான் கோகுலன், பட்டர்வொர்த் பாகான் டாலாம்லேர்ந்து பேசுறேன். டெரன்ஸ் இங்கதான் இருக்காரு. அவரு போன் சார்ஜ் போயிருச்சு. நீங்க தேடுவீங்கன்னு நான்தான் நம்பர் வாங்கி அடிக்கிறேன்."

டாக்சியில் போனேன். சின்ன வீடு. முன்னறையில் ஆம்ப்ளிஃபையர். டெரன்ஸ் வயதுதான் கோகுலனுக்கும், வெல்டர். கிட்டார் அவர் மடியில் இருந்தது. டெரன்ஸ் எதிரே முக்காலியில்.

டெரன்ஸ் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கின. நான் எப்போதிலிருந்து அவன் விரல்களைப் பார்க்காமல் இருக்கிறேன்?

"ஒரு வருசமா இப்படித்தான். மருந்துனால. டாக்டர் ஜனவரியில வேற மருந்து மாத்திட்டாரு. நீ இழுப்பறையில பாத்தது பழசு. இருந்தும் வேகமா வாசிக்க முடியல. கோகுலன்தான் வாசிக்கப் போறாரு, அதுக்குத்தான் ஃபெர்ரில வந்துகிட்டு இருக்கேன்."

"இத ஏன்டா மறைச்சே?"

"ஒரே ஆளு எல்லாத்தையும் வாசிச்சான், அதத்தான எல்லாரும் பேசுறாங்க. இப்ப வாசிக்க முடியலன்னு எப்படிச் சொல்றது? உன்கிட்டகூட வெக்கமா இருந்திச்சு."

பையிலிருந்து, மருந்து வாங்கிய தேதியெல்லாம் எழுதிய ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான். திறக்காமல் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

திறந்தேன். ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

மார்ச் 20, வியாழன்

பேசுகிறான். உப்பு எங்கே, குடை எங்கே என்று மட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஹாஃபிஸிடம் போய் நான் நினைத்தது தவறு என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நான் பண்றேன்க்கா, இங்க முந்நூறு தட்டு போடலாம். ஆனா ஜப்பான்காரங்க விலகிட்டாங்க. நோய்னு கேட்டதும் பயந்துட்டாங்க."

நான் பயந்த மாதிரியே.

டெரன்ஸிடம் நானே சொன்னேன். "பரவால்ல" என்றான். பிறகு வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவினான். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்.

ஜூன் 21, சனி

பதிவு கடைசி நாள். டெரன்ஸ் கூப்பிட்டான், போனேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோகுலன், ட்ரம்ஸில் அதிரா என்ற பெண். டெரன்ஸ் ஆர்கனில் ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்திருந்தான், நாலு நிமிடம். அதற்கு விரல் நடுங்கினால் பரவாயில்லையாம். உண்மையில் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது சத்தம். அழகாக இருந்தது.

முடிந்தது. முடிந்த பிறகுதானே எப்போதும்.

ஜூன் 29, ஞாயிறு

எட்டு நாள். தூங்குகிறான். குறட்டைகூட விடுகிறான். நான்தான் தூங்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

பன்னிரண்டாம் நாள். காலையில் வாசலில் நின்று, "போதும்க்கா, என்ன அப்படிப் பாக்காத" என்றான். கோபமாக இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கோலாலம்பூரில் மூன்று நாள் நிகழ்ச்சி, சின்ன அரங்கம். மற்றவர்கள் நேற்றே வேனில் போய்விட்டார்கள். சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் டெரன்ஸை பஸ் ஏற்றிவிட்டேன். மருந்து எடுத்து வைத்தாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கதவு மூடும்வரை வாயிலேயே இருந்தது. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். காயப்போட்டேன். மழை வரும்போல இருந்ததால் எடுத்து உள்ளே போட்டேன். வரவில்லை, மறுபடி வெளியே போட்டேன்.

ஒன்றரைக்கு, வழியில் ஈப்போவில் பஸ் நின்றிருக்கும், அவனே மெசேஜ் அனுப்பினான்: "மருந்து போட்டுட்டேன். நீ சாப்ட்டியா?"

இன்னும் இல்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டேன்.