எனக்கு ஒன்றும் தடங்கல் இல்லை

மைனி,

உங்கள் மகன் இன்று காலை பழைய டிவியை, பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். நான்கு காலும், கடைக்கதவு மாதிரி இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற பலகையுமாக நின்றிருந்த அந்தப் பெட்டியேதான். வாசல்நிலையில் இடித்தபோது வால்யூம் குமிழ் மட்டும் கழன்று என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். இதை எழுதும்போது இடது கையில் அதுதான் இருக்கிறது.

டிவி போனதில் எனக்கு வருத்தமில்லை. அதில் படம் தெரிந்தே எத்தனையோ காலமாயிற்று. என் கோபமெல்லாம் உங்கள் கல்லறைக்கல்லின் மேல். அதில் வெட்ட வேண்டிய வாசகத்தைக் கல் வேலைக்காரர் போனில் அனுப்பியிருந்தார். உங்கள் மகன் நேற்று காட்டினான். உங்கள் பெயர், இன்னாரின் மனைவி, அதன்கீழே ‘அமைதியின் உருவாய் வாழ்ந்தவர்’. எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

“ஆருடே அமைதி? ஒங்க அம்மையா?”

“எல்லா அம்மமாருக்கும் போடுகதுதான அத்தை. நல்ல வார்த்தைதான?”

பக்கத்தில் என் அண்ணன் கல் இருக்கிறது. அதில் அவர் எஸ்டேட் ஆபீசில் பார்த்த வேலை, சபையில் வகித்த பொறுப்பு எல்லாம் வெட்டியிருக்கிறது. ஆம்பிளை என்றால் செய்தது, பொம்பளை என்றால் சத்தம் போடாமல் இருந்தது. நன்றாக இருக்கிறது நியாயம்!

நீங்கள் கொட்டாரத்தில் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதை நினைத்துக்கொள்கிறேன். அண்ணன் கீரிப்பாறையில் தங்கி வேலை பார்த்தார். சனிக்கிழமைதான் எஸ்டேட் பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் அப்பா, நீங்கள், நான், மூன்றே பேர். விடிந்ததும் அப்பாவுக்குக் கருப்பட்டிக் காப்பி. அப்புறம் புட்டு. வெயில் ஏறும்போது மீன்காரி வந்துவிடுவாள். நீங்கள் சாளைக்கு அரைப்பு அரைத்துக்கொண்டே வாய்க்குள் ஸ்வரம் சொல்லுவீர்கள். அம்மிக்குழவி முன்னே போகும்போது ஏறும், பின்னே வரும்போது இறங்கும். உங்கள் அப்பா உங்களுக்கு முறையாகப் பாட்டுக் கற்றுக்கொடுத்திருந்தார். உங்கள் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு சுருதிப்பெட்டியும் இந்த வீட்டுக்கு வந்தது.

அதைப் பார்த்த அன்றே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“கோயில்ல ஆராதனையில எல்லாரோடயும் சேந்து பாடு, வேண்டாம்னு சொல்லல்ல. வீட்டுல தனியா தொண்டையத் தொறந்து ராகம் இழுக்கது நமக்குச் செரியாவாது. சத்தம் ரோட்டுக்குப் போகப்பிடாது.”

நீங்கள் “செரி மாமா” என்றீர்கள். எனக்கு அன்று உங்கள்மேல் எரிச்சலாக வந்தது. இவ்வளவுதானா இவள் என்று நினைத்தேன். உங்கள் கண் அந்த டிவியின் மேல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

நம் தெருவில் அப்போது இரண்டு டிவிதான், நம் வீட்டிலும் எதிர்வீட்டுத் தங்கராஜ் அண்ணன் வீட்டிலும். மேற்கே திருப்பி வைத்த ஏரியலில் திருவனந்தபுரம் மட்டும் தெரியும். சாயங்காலம் அப்பா கைலியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குக் கிளம்புவார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் நீங்கள் டிவியின் பலகைகளை இழுத்துத் திறப்பீர்கள்.

“ஏட்டி, வா. குமிழப் பிடி. அவன் பேசும்போ கூட்டு, நான் நிறுத்தும்போ கொற.”

யாரோ ஒருவர் மலையாளத்தில் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அந்த உரத்துக்கு அடியில் நீங்கள் கல்யாணி பாடுவீர்கள். ரோட்டில் போகிறவர்களுக்கு எல்லாம் டிவிதான். என் வேலை உங்கள் குரலை மூடி வைப்பது. நீங்கள் மேலே போகப்போக நானும் குமிழைத் திருகுவேன். சில நாள் உரக்காரர் தொண்டை கிழியக் கத்துவார்.

இதில் மாட்டிக்கொண்டது தங்கராஜ் அண்ணன்தான். ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“மக்கா, ஒங்க வீட்டு டிவில சாய்ங்காலம் ஒரு பொம்பள பாடுகாளே, அது எந்த ஸ்டேஷன்? எங்களுக்குக் கிட்டல்லியே.”

நான் முழித்தேன். நீங்கள் அடுக்களையிலிருந்து பதில் சொன்னீர்கள்.

“ஏரியல இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்க அண்ணே, கிட்டும்.”

பாவம் மனுஷன்! தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் ஏறி ஏரியலைத் திருப்புவார். அவர் மனைவி கீழே டிவி முன்னால் நின்று “கிட்டல்ல, கிட்டல்ல” என்று குரல் கொடுப்பாள். அதைக் கேட்டு நமக்குச் சிரிப்பு தாங்காது. உங்களுக்கு மூச்சு உடைந்து பாட்டு நின்றுபோகும்.

அப்புறம் அந்த நாள் வந்தது. நீங்கள் மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் குமிழை நன்றாக ஏற்றி வைத்திருந்தேன். திடீரென்று டிவியில் ஆளைக் காணோம். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று மலையாளத்தில் எழுதின பலகை திரையில் வந்து நின்றது. ஒரு பொட்டுச் சத்தமில்லை. உங்கள் குரல் மட்டும் ரோட்டில் தனியாக நின்றது. நான் குமிழைத் திருகித் திருகிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. அப்பா, கூடவே சபைக் கமிட்டிக்காரர் இரண்டு பேர்.

நீங்கள் கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், வாசலில் நிற்கிற அப்பாவைப் பார்த்தீர்கள். நிறுத்திவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ சுருதிப்பெட்டியை இன்னும் கொஞ்சம் அழுத்தி, விட்ட இடத்திலிருந்து மேலே போனீர்கள். போய், சாவகாசமாகச் சுற்றி, கீழே இறங்கி, ஷட்ஜத்தில் வந்து நின்ற பிறகுதான் வாயை மூடினீர்கள்.

மாடியிலிருந்து தங்கராஜ் அண்ணன் “கிட்டீட்டு! கிட்டீட்டு!” என்று கத்தினார். கீழேயிருந்து அவர் மனைவி, “என்ன கிட்டீட்டு? இங்க பலகையில்லா நிக்கு!” என்றாள்.

அப்பா முகம் கறுத்து நின்றார். “என்ன இது?”

“டிவிலதான் தடங்கல் மாமா. எனக்கு ஒண்ணும் தடங்கல் இல்ல.”

கமிட்டிக்காரரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டார். அப்பா உங்களோடு பேச்சை நிறுத்தினார். காப்பி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார். அவர் மனம் மாறி உங்களை வாழ்த்தினார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான்; அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் ஜங்ஷனுக்குப் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவர் எதிரிலேயே டிவியை அணைத்து, பலகைகளை இழுத்து மூடி, தரையில் உட்கார்ந்து சுருதிப்பெட்டியைத் திறந்தீர்கள். நான் பழக்கதோஷத்தில் குமிழ்ப் பக்கம் போனேன்.

“இனி அதத் தொடாண்டாம் மக்கா. கூடப் பாடு.”

அன்றிலிருந்து நீங்கள் படுக்கையில் விழுந்த நாள் வரை இந்தத் தெருவுக்குச் சாயங்காலம் என்றால் உங்கள் குரல். அந்த உங்களுக்குத்தான் ‘அமைதியின் உருவாய்’ என்று கல் வெட்டப் போகிறார்கள்.

இன்று டிவி போன பிறகு உங்கள் மகனிடம் மறுபடி ஆரம்பித்தேன். அமைதியை எடு, பாடகி என்று போடு என்றேன்.

“அம்மா பாடுவாவ, எனக்குத் தெரியாதா? ஆனா பாடகின்னு போட மேடை ஏறியிருக்கணும்லா? நாலுபேரு சிரிப்பாவ அத்தை.” சொல்லிவிட்டுப் புது டிவியில் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் ரிமோட்டை எடுத்து டிவியை ஊமையாக்கினேன். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். உங்கள் சுருதிப்பெட்டியைத் தரையில் வைத்து உட்கார்ந்தேன். நீங்கள் போன பிறகு நான் பாட வாயைத் திறக்கவே இல்லை மைனி. சுருதி விலகியது. விலகினால் விலகட்டும் என்று மேலே போனேன். நீங்கள் அன்று நின்ற இடத்துக்கு எனக்கு எட்டவில்லை. அதற்குக் கீழே நின்று உடைந்துபோனேன். அழுதுகொண்டேதான் மீதியைப் பாடினேன்.

முடித்தபோது எதிர்வீட்டிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. தங்கராஜ் அண்ணன்தான், நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவர்.

“மக்கா, அந்த ஸ்டேஷன் திரும்பக் கிட்டீட்டா?”

உங்கள் மகன் எழுந்து ஜன்னலருகே வந்தான். “எந்த ஸ்டேஷன் மாமா?” என்று கேட்டான். அவர் அங்கிருந்தபடியே முழுக் கதையையும் அவனுக்குச் சொன்னார், ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி. அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல் வேலைக்காரருக்குப் போன் போட்டான்.

“அண்ணாச்சி, அந்தக் கடைசி வரிய எடுத்திருங்க. ‘பாடினார்’னு போட்டாப் போரும்.”

அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, இவன் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். “ஆமா அண்ணாச்சி. எழுத்து பெருசா இருக்கட்டும். ரோட்டுலயிருந்து தெரியணும்.”

குமிழை நான் வைத்துக்கொள்கிறேன் மைனி. திருப்புவதற்கு இனி அதில் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆகிறது, ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.