முழங்காலுக்குள் ஓர் உலோகம்

மார்ச் 4
மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் கைத்தாங்கலாக ஏற்றினாள். முழங்காலை மாற்றாவிட்டால் இனி அறையை விட்டே வெளியே வர முடியாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. மாட்டேன் என்கிறேன்.

மார்ச் 6
டாக்டர் செயற்கை மூட்டின் மாதிரியைக் கையில் கொடுத்தார். மேலே கோபால்ட் குரோமியம், லேசில் தேயாது. கீழே டைட்டானியம், எடை குறைவு, துருப்பிடிக்காது, உடம்பும் ஏற்றுக்கொள்ளும். நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக். எல்லாம் சரி, எப்போது உடையும் என்று கேட்டேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். மகளுக்குக் கோபம்.

பின்னே வேறென்ன கேட்பது? சோதனைக்கூடத்தில் காலமெல்லாம் உலோகத்தை இழுத்து உடைத்தவள் நான்.

மார்ச் 9
இன்று முழுக்க அந்த நினைப்புதான். இழுவை இயந்திரத்தின் முனகல், எண்ணெய் வாசம், ஒரே மேஜையில் நானும் மைக்ரோமீட்டரும். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்று தோழிக்கு நான் வைத்த பெயர் அது. வார்ப்பிரும்பு மூச்சுக் காட்டாமல் படாரென்று போகும். மென்னெஃகு நல்ல பிள்ளை; நீண்டு, நடுவில் சிறுத்து, போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். செம்பு எங்கள் செல்லம், இழுத்த இழுப்புக்கு வரும். உடையும் நொடியில் இருவரும் கண்ணை இறுக மூடிக்கொள்வோம். அப்புறம் ஒரே சிரிப்பு. எவ்வளவு நல்ல நாட்கள்! அவளைப் பார்த்தே எத்தனை காலமாயிற்று.

மார்ச் 10
உடையாத ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லையே — எதை நம்பி உள்ளே வைத்துக்கொள்வேன்?

மார்ச் 13
எனக்குத் தெரியாமல் மகள் போன் போட்டிருக்கிறாள். வாசலில் மைக்ரோமீட்டர்! முடியெல்லாம் நரைத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே. வந்ததும் வராததுமாகத் திட்டு. என் பயத்தைச் சொன்னேன், அழுதுகூட விட்டேன். என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"உடையற வரைக்கும் நாமதானே இழுத்தோம், அதான் உடைஞ்சுது. நல்லா உழைக்கிற எதுவும் நம்ம மேஜைக்குத் திரும்பி வந்ததே இல்லையேடி."

அட, ஆமாம். எங்களைத் தாண்டிப் போன இரும்பெல்லாம் எங்கெங்கோ பாலமாய், தூணாய் நின்றுகொண்டுதானே இருக்கிறது. இவ்வளவு வருஷம் எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

ஆனாலும் எத்தனை நாள் தாங்கும் என்று இழுத்தேன்.

"நீ என்ன, உடையற வரைக்கும் குதிக்கப் போறியா?"

சிரித்துத் தொலைத்தேன். மகளிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2
ஆபரேஷன் முடிந்தது. வலி உயிர் போகிறது. சரியென்று சொன்ன வாயை என்ன செய்யலாம்?

ஜூலை 20
சோதனைக்கூடம் இருந்த தெருவுக்கு மைக்ரோமீட்டரும் நானும் நடந்தே போனோம். இப்போது அங்கே துணிக்கடை. எதிரில் நின்று பழைய மேலாளரில் ஆரம்பித்து ஒருவர் பாக்கியில்லாமல் வம்பளந்தோம். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் முழங்கால் ஞாபகம் வந்தது.