பிளக்ஸில் விடுபட்ட வரி

ஐப்பசி 9, ஞாயிறு

களையெடுக்கும் மாதம்மாள் பேசுவதாக நான் எழுதிய கவிதை இரண்டே வரிதான்: "இந்த மண்ணெல்லாம் எங்கள் வியர்வை, பட்டாவில் மட்டும் எங்கள் பெயர் இல்லை." அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் போட்டேன்.

இன்று பாப்பாரப்பட்டி பேருந்து நிலையத்தில் எங்கள் சாதிச் சங்கத்தின் பிளக்ஸைப் பார்த்தேன். முதல் வரி மட்டும் பெரிதாக இருக்கிறது, அடியில் என் பெயர். மாதம்மாளும் அங்கே நின்றிருந்தாள்.

"ரெண்டாவது வரிய வுட்டுட்டாங்களேங்க, சார்?"

பிளக்ஸ் வைத்த மச்சானைக் கேட்டேன்.

"இது போதுங்க மாமா. எல்லாரும் ஷேர் பண்றாங்க."

இப்போது சங்க குரூப்பில் இரண்டாவது வரியை டைப் செய்து, அனுப்பாமல் அழித்தேன். அவள் களையெடுப்பது எங்கள் நிலத்தில். பட்டா என் பெயரில்தான் இருக்கிறது.