சமாதானம் பேசப் போனவர்

நிக்கோசியா, சைப்ரஸ்
12-11-1964

அன்புள்ள தில்லைக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஐ.நா. சபை வேலை என்றால் நம் ஊரில் ஏதோ ராஜாங்கம் என்று நினைக்கிறார்கள். நான் இங்கே பார்ப்பது வெறும் பஞ்சாயத்து. ஊரை இரண்டாக்கி நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் கிரேக்கர், அந்தப் பக்கம் துருக்கியர். இரண்டு பேரும் குடிப்பது ஒரே காப்பி, பெயர்தான் வேறு. பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை அம்போ!

இந்த வாரம் ஒன்று சாதித்தேன். டீச்சரம்மா ஒருத்தியின் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். இரு தரப்பிலும் கெஞ்சிக் கூத்தாடி, தினமும் காலையில் என் ஜீப்பிலேயே அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். அங்கே நான் இறங்கக்கூடாது, உத்தரவு. நடுவில் நிற்பவன் யார் மண்ணிலும் கால் வைக்கக்கூடாதாம். பிள்ளைகள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொள்வதை உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

வாலாஜாபாத் பள்ளிக்கூட வேலை பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல வேலைதான். ஆனால் அம்மாவை யார் பார்ப்பது? இங்கே குடும்பத்தை அழைத்துவரவும் அனுமதி இல்லை. நான் வந்த பிறகு யோசிப்போம். பொறுத்துக்கொள்.

அன்புடன்,
கலியாணசுந்தரம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
3-12-1964

அன்புள்ள அத்தானுக்கு, தில்லை எழுதுவது.

அத்தைக்கு வலி பரவாயில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, "அங்க எல்லாரும் கறி துண்ணுக்கினு இருப்பாங்களாமே, பாத்து இருந்துக்கச் சொல்லும்மா" என்கிறார். எழுதிவிட்டேன்.

டீச்சரம்மா கதையைக் கேட்டுத் தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கும் பெருமைதான். கூடவே வயிற்றெரிச்சலும். இங்கிருந்து வாலாஜாபாத் போக நடுவில் எந்தக் கோடும் இல்லை, வாசலைத் தாண்டினால் பஸ். என்னோடு டிரெயினிங் படித்த மரியம்மாள்தான் அங்கே ஹெட்மிஸ்ட்ரஸ். எப்போது வருகிறாய் என்று ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்கிறாள். எத்தனை நாள்தான் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்? நமக்குப் பிள்ளையும் இல்லை. நாலு பிள்ளைகளுக்கு "அ" எழுதக் கற்றுக்கொடுத்தாலாவது மூச்சு வரும்.

அத்தான், ஊருக்கெல்லாம் சமாதானம் பேசுகிறீர்கள். எனக்கு மட்டும் சமாதானம் சொல்கிறீர்கள். மனசில் பட்டதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்றும் உங்கள்,
தில்லை

நிக்கோசியா
20-10-1966

அன்புள்ள தில்லை,

அந்த டீச்சர் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள். எந்தத் தரப்பு என்று எழுதக்கூடாது. அவள் வந்து என் ஆபீஸ் வாசலில் நின்றாள். "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். வேறென்ன சொல்வது? என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். "எனக்கு மட்டும் சமாதானம் சொல்கிறீர்கள்" என்று நீ முன்பு எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது.

போதும் தில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் தேர்தலில் நம் தொகுதியில் நிற்கும்படி கட்சியிலிருந்து கேட்கிறார்கள். உலகத்துக்குப் பண்ணியது போதும், சொந்த ஊருக்குப் பண்ணுவோம். இனி ஒரே வீடு, ஒரே சாப்பாடு. நீயும் வேலைக்குப் போ. இது வாக்கு.

உன்,
கலியாணசுந்தரம்

பிள்ளையார்பாளையம்
15-5-1968

அன்புள்ள அத்தானுக்கு,

சென்னை விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் இங்கே வந்து மாதக்கணக்காகிறது. அதனால்தான் தபாலில் கேட்கிறேன்.

நீங்கள் எம்.எல்.ஏ. ஆனதும் முன்கட்டுத் தறியைப் பிரித்தார்கள். தறிக்குழியின் மேல் பலகை போட்டு, மனு கொடுக்க வருகிறவர்களை உட்காரவைக்கிறார்கள். விடிவதற்குள் வீடு நிறைந்துவிடுகிறது. நான் தலை வாருவது கூட அரிசி மூட்டைக்குப் பின்னால்தான். கதவைச் சாத்தினால், "ஓட்டு வாங்கியாச்சு, கதவு சாத்தியாச்சு" என்கிறார்கள். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் மனு. உங்கள் கட்சிச் செயலாளர் ஆதிகேசவன் எனக்கென்று கட்சிக் கரை போட்டுப் புடவை நெய்யச் சொல்லியிருக்கிறார். எதைக் கட்ட வேண்டும் என்று சொல்ல இப்போது ஆளும் இருக்கிறது!

அத்தை காலமாகி வருஷத் திவசமும் ஆயிற்று. இனி அவரைக் காரணம் சொல்ல முடியாது. ஜூனில் வந்து சேரச் சொல்லி மரியம்மாள் எழுதியிருக்கிறாள். ஆதிகேசவனோ, "அந்த ஸ்கூல் மேனேஜர் எதிர்க்கட்சிம்மா. நம்ம வீட்டுப் பொம்பளை அங்க போயி கைகட்டிக்கினு நின்னா அண்ணனுக்கு அசிங்கம்" என்கிறார். நிக்கோசியாவில் ஒரு டீச்சரைக் கோடு தாண்டவைத்தவர் நீங்கள். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டீர்களா? எனக்கு மூச்சு முட்டுகிறது அத்தான். சரி என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

உங்கள்,
தில்லை

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்
சென்னை
1-6-1968

திருமதி தில்லையம்மாள் அவர்களுக்கு,

அன்புடையீர், வணக்கம். தங்கள் மனு கிடைக்கப்பெற்றேன். வாலாஜாபாத் ஆசிரியைப் பணி தொடர்பான தங்கள் கோரிக்கை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும். அதுவரை பொறுமை காக்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
(ஒப்பம்) கா. கலியாணசுந்தரம், எம்.எல்.ஏ.

வாலாஜாபாத்
14-6-1968

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்தபோது முன்கட்டில் கூட்டம். நின்றபடியே படித்தேன். தெருக் குழாய்க்கு மனு கொடுத்திருந்த குப்புசாமி எட்டிப்பார்த்து, "எனக்கும் இதேதாம்மா வந்துது. உங்களுக்குமா?" என்றான். சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

கட்டு கட்டாக நீட்டியிருப்பார்கள், நீங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தெரியும். தெரிந்தும் வலிக்கிறது.

மறுநாள் காலை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்கட்டு வழியாகவே நடந்தேன். கதவு எப்போதும்போலத் திறந்துதான் இருந்தது. ஆளாளுக்கு அவரவர் மனுவில் கண். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. மரியம்மாள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறேன். இரண்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள்மேல் எனக்கு ஆசை போகவில்லை அத்தான். சமாதானம் பேசுவதாக இருந்தால் நேரில் வாருங்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சமாதானம் சொல்வதாக இருந்தால் கடிதம் வேண்டாம்.

தில்லை

சென்னை
2-7-1968

தில்லை,

இதைக் கைப்பட எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வாலாஜாபாத் வந்தேன். கரை வேட்டி கட்டவில்லை. ஆதிகேசவன் எப்படியோ தெரிந்துகொண்டு காரில் ஏறிவிட்டார். உன் பள்ளிக்கூட வாசலில் கார் நின்றது. எதிரே மேனேஜர் வீட்டு மாடியில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "அண்ணே, எறங்காதீங்க. நாளைக்கு பேப்பர்ல வந்துரும்" என்றார். கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மரத்தடியில் நீ பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாய். ஒரு பெண் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நீ குனிந்து ஏதோ சொன்னாய், அவள் சிரித்தாள். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பிறகு கார் கிளம்பிவிட்டது.

நிக்கோசியாவில் இறங்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. இங்கே அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் நான் இறங்கவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை தில்லை.

கலியாணசுந்தரம்