மாப்பிள்ளை விட்டுப்போன உப்புத் தண்ணீர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாகத்தான் தூங்குவீர்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து என்னைப் படுத்தியது போதாதா? போகும்போதும் கண்ணாடித் தொட்டியில் அடைத்து ஒரு கடலையே என் தலையில் கட்டிவிட்டா போக வேண்டும்? தஞ்சாவூரில் வீடு கட்டினவர் தென்னங்கன்று வைப்பார். நீங்கள் கூடத்தில் கடல் மீன் வளர்த்தீர்கள்.

போன மாதம் அமுதா போனில் அழுதாள். "அண்ணே, தண்ணி மஞ்சளாயிட்டு. அவரு ஆசையா வச்சிருந்த கோமாளி மீனு மேல வந்து வந்து வாயைத் தொறக்குது. அதுவும் போயிட்டுன்னா இந்த வீட்ல நான் யார்கூடப் பேசுறது?" பிள்ளை இல்லாத வீடு. முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

தண்ணீரின் அழுக்கை எடுக்கும் பழைய ஸ்கிம்மர் நின்றுபோயிருந்தது. புதியதை வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், மேல் தொட்டித் தண்ணி கீழ அலமாரிக்குள்ள இருக்குற சின்னத் தொட்டிக்கு, அதான் சம்ப்புக்கு, வரும். ஸ்கிம்மரை அதுல வைங்க. பொடிப்பொடியா நுரை கிளப்பும். மீன் கழிவெல்லாம் நுரையோட ஏறி மேல கப்ல விழுந்துடும்" என்றார். சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திறந்து பார்த்தால் சம்ப் பாதிதான் இருந்தது. கடைமடைக்காரன் நான். காய்ந்த வாய்க்காலைப் பார்த்தே ஆயுசு போனவன். குறைந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? நீங்கள் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை எடுத்து விளிம்பு வரை நிரப்பினேன். மனசும் நிறைந்தது. சுவிட்சைப் போட்டேன். நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கல் பானை மாதிரி பொங்கியது. திருகைத் திருப்பி அதை அடக்குவதற்குள் கரண்ட் போயிற்று. தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் மோட்டார் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கியது. சம்ப்பில் ஏது இடம்? கூடம், அடுப்பங்கரை, கொல்லை வாசல் என்று ஓடி, அமுதாவின் கறிவேப்பிலைச் செடியின் அடியில் போய் நின்றது. அந்த வாரமே செடி கருகிவிட்டது.

தண்ணீர் ஓடிய அன்றைக்கே உங்கள் படத்தின் முன்னால் நின்று கத்தினேன். "மறுபடியும் உப்பை விட்டுட்டீங்களே மாப்ளே!"

உங்களுக்குத் தெரியாததா? உங்கள் வயலை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டீர்கள். அங்கே தேக்கிய உப்புத் தண்ணீர் ஊறி, வரப்புக்கு இந்தப் பக்கம் என் நிலம் உப்புப் பூத்து, நெல் கதிர் விடாமல் நின்றது. ஊர்க்கூட்டம், மறியல், தாலுகா ஆபீஸ் என்று எங்கே போனாலும் நான் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். எத்தனை வருடம் பேசாமல் இருந்தோம்! பிறகு பேசினோம், சேர்ந்து சாப்பிட்டோம். அந்த வயலைப் பற்றி மட்டும் கடைசிவரை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அமுதா தரையைத் துடைத்துக்கொண்டே, "அவரா ஊத்துனாரு? நீங்கதானே ரொப்புனீங்க?" என்று சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, கண்ணாடியில் கோடு போட்டுவைத்தேன். புது ஸ்கிம்மர் படிந்துவரச் சில நாள் ஆகும் என்றார் கடைக்காரர். புதுமாப்பிள்ளை முறுக்கு அதற்கும் உண்டு போல. ஒரு காலையில் பார்த்தால் கப்பில் டிகாஷன் நிறத்தில் அழுக்கு, குடலைப் பிடுங்கும் நாற்றம். தொட்டி தெளிந்துவிட்டது. மீன் அமுதாவின் விரலைத் தேடி வந்தது.

கொட்டியதற்கு ஈடாகத் தண்ணீர் கலக்க வேண்டும். அமுதா உப்புப் பையை நீட்டினாள். எந்த உப்புக்காக உங்களோடு பேச்சை விட்டேனோ, அதை என் கையாலேயே வாளியில் கொட்டிக் கலக்கினேன். கோடையில் வாய்க்கால் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதா என்று பார்ப்பதுபோல ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கரிக்கட்டும் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

மாதம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டுமாம். அமுதாவால் வாளி தூக்க முடியாது. அமாவாசைக்கு அமாவாசை நான் வந்துவிடுகிறேன். கருப்புச் சட்டை போட்ட காலத்திலிருந்தே, "செத்தா எனக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கிற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க" என்றவர் நீங்கள். வைத்துக்கொள்ளவில்லை. இது வெறும் உப்பும் தண்ணீரும். மீனுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
வரப்புச் சண்டை இன்னும் தீராத
உங்கள் மச்சான்