டைரக்ட் கொடுத்த வண்டி

என் கண்ணு கிரிக்கு,

உன் வண்டி இப்போது சாவியைத் திருப்பினால் நிற்கிறது. உனக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போன மறுநாள் காலையிலேயே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் பார்க்க வந்தபோது அந்தப் பொக்லைன் நல்ல பிள்ளையாக நின்றிருந்தது. சாவியைப் போட்டார்கள், ஓடியது. அணைத்தார்கள், நின்றது. வண்டியில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வரி உன்னைப் பற்றியது. எஞ்சினை நிறுத்தாமல், கவனக்குறைவாக இறங்கிய ஓட்டுநர். பத்திரிகைகளில் அந்த வரி அப்படியே வந்தது, நான் வேலை செய்யும் பத்திரிகையிலும். முப்பது வருஷமாக இந்த மாதிரி வரிகளோடு புழங்கியவன்தான் நான். அன்றைக்கு அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இனி நான் சொல்வதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், பொறுத்துக்கொள். டீசல் பம்பின் மேல் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருளை இருக்கும், சோலனாய்டு. அதற்குக் கரண்ட் வரும்வரை டீசல் போகும் வழி திறந்திருக்கும். சாவியை அணைத்தால் கரண்ட் நிற்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழியை அடைக்கும், எஞ்சின் ஓயும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கரண்ட் விட்டுவிட்டு வந்தால்?

உன் வண்டிக்கு அதுதான் வியாதி. மழைக்காலம் முழுக்க, மண்ணை அள்ளிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தது. டீசலில் தண்ணீர் என்று சொல்லி ஃபில்டரை மாற்றினார்கள். பம்பைக் கழற்றி அனுப்பினார்கள். பம்ப் கடைக்காரர் பழுது இல்லை என்று திருப்பி அனுப்பினார். புது சோலனாய்டு போட்டார்கள், அப்படியும் அணைந்தது. கடைசியில் பேட்டரியிலிருந்து ஒரு வயரை நேராக இழுத்து சோலனாய்டில் சொருகினார்கள். இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயராம். அதன் பிறகு வண்டி அணையவே இல்லை. நீ சாவியைத் திருப்பினாலும் அணையவில்லை.

அதை நிறுத்த நீ கீழே இறங்கி, முன் சக்கரத்தை ஒட்டி நின்று, பானெட்டைத் திறந்து, உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் கையை விட்டு அந்த வயரைப் பிடுங்க வேண்டும். டீ குடிக்க வேண்டுமானாலும் அப்படித்தான், சோறு தின்ன வேண்டுமானாலும் அப்படித்தான். பீளமேட்டில் அடுக்குமாடிக்குத் தோண்டிய பள்ளத்தின் சரிவிலும் அதற்குத்தான் இறங்கினாய். வண்டி நழுவியது. உனக்குப் பின்னால் மண்சுவர்.

நீ எஞ்சினை நிறுத்தாமல் இறங்கவில்லை, கிரி. நிறுத்துவதற்காக இறங்கினாய்.

டைரக்ட் கொடுத்த எலக்ட்ரீஷியனைத் தேடி போத்தனூர் போனேன். செல்வராஜ், உனக்குப் பழக்கமானவன்தான். ஒளிந்துகொள்வான் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

"ஆமாங்கண்ணா, நாந்தான் குடுத்தேன். எல்லா வண்டிக்கும் குடுக்கறதுதானுங்களே?"

"பழுது எங்கேன்னு தெரியலையா?"

"தெரியாம என்னங்கண்ணா? பம்புகிட்ட வயரைக் கழட்டி மீட்டர் வெச்சா பன்னெண்டு வோல்ட்டும் முழுசாக் காட்டும். கரண்ட்டுதான் வருதேன்னு ஏமாந்துபோடுவாங்க. வயரை மாட்டிவெச்சு, வேலை செய்யறப்பப் பாக்கோணுமுங்க. அப்பப் பாத்தா எட்டுக்கு எறங்கிரும். கேபினுக்கு அடியில வயரு சேர்ற சாக்கெட் ஒண்ணு இருக்குதுங்க. பிரஷர்ல தண்ணி அடிச்சுக் கழுவறாங்கல்லங்க, உள்ள பூந்து பச்சைக் களிம்பு புடிச்சுக் கரண்டைத் தடுத்துரும்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் பாக்கலை?"

"அரை நாள் வண்டி நிக்கோணுமுங்க. ஓனரு உட மாட்டேன்னுட்டாரு."

நீ போன மறுநாள் அதைச் சரிசெய்ததும் இதே செல்வராஜ்தான். அரை நாள்கூட ஆகவில்லையாம். "சொன்ன எடத்துலயேதானுங்க இருந்துச்சு" என்று சிரித்தான். ஸ்டேஷனில் வந்து சொல்வாயா என்று கேட்டேன். "ஏனுங்கண்ணா, நான் பொழைக்க வேண்டாமுங்களா?" டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டது போல இருந்தது.

உன் ஓனர் உன் வீட்டுக்கு வந்தார். உன் பெண்டாட்டி சுமதி நாற்காலி எடுத்துப் போட்டாள். "அம்மணி, போனவன் திரும்பி வரப் போறதில்ல. கேஸு கீஸுன்னு அலையாதீங்க. நம்ம கிரி கொஞ்சம் அவசரக்காரன், ஊருக்கே தெரியும்" என்றார். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

சுமதி குரலை உயர்த்தவில்லை. "அரை நாள் பொறுக்க முடியாம அவசரப்பட்டது அவருங்களா, நீங்களாங்க?" என்று கேட்டாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அவருடைய இன்னொரு பொக்லைன் உக்கடம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போனபோது சுமதியும் வந்தாள், நான் தடுக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் டிரைவர் முருகேசன் கீழே குதித்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பானெட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு வயரைப் பிடுங்கினான். சத்தம் நின்றது. ஒரு சாவு விழுந்த பிறகும் இந்த வண்டிக்கு அரை நாள் கிடைக்கவில்லை, பார்த்தாயா?

சுமதி சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம் நின்னு புடுங்கோணும்னு கிரியண்ணன்தானுங்க்கா காட்டிக் குடுத்தாரு" என்றான் முருகேசன்.

ஏன் கண்ணு, நீ முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லிப் பார்த்தாயா? சொன்னால் சாவி இன்னொருவன் கைக்குப் போய்விடும் என்று பயந்தாயா? என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா தம்பி?" என்று சுமதி கேட்டாள்.

"சொன்னா நாளைக்கு இந்த வண்டி எனக்கில்லீங்க்கா."

"தெரியுமுங்க தம்பி."

 அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தான்.

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "வண்டி ஓடறப்ப எதுக்குய்யா அவன் எறங்கினான்? அதுக்கு மொதல்ல பதில் சொல்லு."

"எறங்குனாத்தானுங்க சார் அந்த வண்டி நிக்கும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். முருகேசன் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். செல்வராஜையும் வரச்சொல்லியிருக்கிறார். அவன் என்ன சொல்வானோ தெரியாது. உன்னைப் பற்றிய அந்த வரி இன்னும் அடித்து நீக்கப்படவில்லை. அதற்கு எதிராக இன்னொரு வரி இப்போது இருக்கிறது, அவ்வளவுதான்.

முருகேசனுக்கு வேலை போய்விட்டது. அவனுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உக்கடம் வழியாக வந்தபோது அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது, வயரோடு. ஓட்டியவன் புது ஆள், உன்னைவிடச் சின்னவன். நான் நிறுத்திப் பேசுவதற்குள் மேஸ்திரி என்னை விரட்டிவிட்டார்.

கேஸ் எத்தனை தடவை தள்ளிப்போனாலும் போய் நிற்பேன், சுமதியைத் தனியாக அனுப்ப மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், அந்தப் பையனிடம் போய்ப் பேர் கேட்கப் போகிறேன். இன்ஸ்பெக்டரையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவர் வராவிட்டாலும், அந்த வயரோடு வண்டி கிளம்ப விட மாட்டேன் கண்ணு.

உன்னோடு பிறந்த,
அண்ணன்