மீன்குஞ்சுக்குப் பின்னால் ஒரு கல்

மார்ச் 3

என் செல்லச் சுண்டெலிக்கு,

நானும் அத்தையும் மீனும் சௌக்கியம். உன் தீவில் காற்றும் மழையும் நீ சொன்னபடி கேட்கின்றனவா? வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவளின் மாமா என்பதால், "நாளைக்கு மழை உண்டா சார்?" என்று தெருவே என்னைக் கேட்கிறது. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்கிறேன். இதுவரை இரண்டு முறை பலித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக உன்னை ஏய்த்துக்கொண்டிருந்த கோமாளி மீன் ஜோடி, உன் வீட்டுக்குள் நான் காலடி வைத்த ஒன்பதாம் நாள் முட்டையிட்டுவிட்டது. ராசி என்று ஒன்று இருக்கிறதல்லவா! தொட்டிக்குள் இருக்கும் மண்சட்டியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக் கிடந்தவை, எட்டாம் நாள் வெள்ளியாக மின்னின. முந்நூறு முட்டை, அறுநூறு கண். அத்தனை கண்ணும் என்னையே பார்த்தன. தொட்டி விளக்கை அணைத்த ஒரு மணி நேரத்தில் பொரிந்தன.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் சொன்னால் அழகாக இருக்கும். ஓர் அரிசியை இரண்டாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் ஒரு குஞ்சு. உடம்பு முழுக்கக் கண்ணாடி. டார்ச் வெளிச்சத்துக்கு ஓடி வந்தவற்றைக் குழாயால் உறிஞ்சிச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் படமெடுத்தேன். மூச்சு விட்டால் படம் ஆடுகிறது. ஆகவே ஐந்து நிமிஷம் மூச்சை அடக்கி எடுத்தேன். அத்தை, "இருபது எண்ணுறதுக்குள்ள உஸ்ஸுன்னு விட்டுட்டாரு" என்பாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

முப்பத்தொரு வருஷம் ஸ்டூடியோவில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். எனக்கு ஒரே ஒரு குறை. குஞ்சுகளைத் தொட்டியிலேயே, பிறந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். ஆனால் சட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கற்களிலும் கோட்டுப் பட்டன் மாதிரிப் பழுப்பாக என்னவோ முளைத்துக் கிடக்கிறது. பின்னணி சுத்தமாக இல்லாத படம், மூக்கு ஒழுகும் மாப்பிள்ளை மாதிரி. இந்த வாரமே சின்னக் கல்லை எடுத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தேய்க்கப் போகிறேன். அப்புறம் பெரிய கல். மீனைப் பார்த்துக்கொள்ள நீ எழுதி வைத்துவிட்டுப் போன பதினான்கு பக்க நோட்டை இரண்டு பக்கம் படித்ததுமே எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது.

மூன்று படம் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

உன் தாய்மாமன்,
நிழற்பட நிபுணர்

மார்ச் 7

மாமாவுக்கு,

கல்லைத் தொடாதீர்கள். முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். உங்கள் கடிதம் கொண்டுவந்த படகு அரை மணியில் திரும்புகிறது. இங்கே இருக்கும் ஒரே வயர்லெஸ் பெட்டி மழையில் கெட்டுக் கிடக்கிறது. இந்தக் காகிதத்தைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அந்தப் பட்டன்கள் அழுக்கு இல்லை, மாமா. உயிருள்ள பவளம். உள்ளே கொடிய விஷம் இருக்கலாம். தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் பாட்டுக்கு இருக்கும். வெந்நீர் ஊற்றினால் விஷம் சாகாது. ஆவியோடு மேலே வரும். மூச்சில் போனால் வாயில் உலோகக் கசப்பு, குளிர் நடுக்கம், இருமல், கைகால் மரத்துப்போவது, பிறகு நெஞ்சு. ஆளையே கொன்றுவிடும். அத்தைக்கு வேறு இழுப்பு இருக்கிறது.

ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் இரண்டு பேரும் உடனே வீட்டை விட்டு வெளியே வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். இந்தக் கடிதத்தையே டாக்டரிடம் காட்டுங்கள். இதை நோட்டின் ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். உங்களைத் தெரிந்தும் ஏழாம் பக்கத்தில் எழுதியது என் புத்தி.

கண்ணில் படட்டும் என்று கவர் மேல் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

படங்களைப் பற்றி ஒரு வரி. முதல் படத்தில் இருப்பது நீர்க்குமிழி. இரண்டாவது உங்கள் கட்டைவிரல். மூன்றாவதை என் மேசைக்கு மேல் ஒட்டிவிட்டேன். அந்தக் குஞ்சின் கண்ணுக்குள் வெளிச்சம் வந்து நிற்கிறது, மாமா. எனக்கு ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. நிலையத்துச் சமையற்காரர், "யாருங்க எடுத்தது?" என்று வாயைப் பிளந்தார். என் மாமா என்றேன்.

கல்லைத் தொடாதீர்கள்.

சுண்டெலி

மார்ச் 8

அன்புச் சுண்டெலிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் சின்னக் கல் முடிந்தது! இப்போது வெள்ளை வெளேரென்று பல் விளக்கின மாதிரி இருக்கிறது.

கடல் நாற்றம் கூடத்துக்குப் போகக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அண்டா நிறைய வெந்நீர். ஊற்றினேன் பார், ஆவி கூரை வரை போயிற்று. அத்தை உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, வாயில பழைய காசை வெச்ச மாதிரி இருக்கு?"

"காலையில நீ போட்ட காபி. இப்பத்தான் வேலையைக் காட்டுது."

"உங்க நாக்கைக் கேட்டுச் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் என் நாக்கிலும் அதே கசப்பு. அவளிடம் சொல்வேனா? அப்புறம் நான் ஜெயித்த ஒரே சண்டையும் போய்விடும்.

சாயங்காலம் இரண்டு பேருக்கும் லேசாகக் குளிர். அவள் விடாமல் இருமுகிறாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். பருவம் மாறுகிறது, வானிலைக்காரியின் மாமாவுக்கே தெரியாததா என்று போர்வை போர்த்திவிட்டேன். மீன் அடுத்த முட்டை வைத்துவிட்டது. பதினான்காம் தேதி பொரியும். அதற்குள் பெரிய கல்லையும் முடிக்க வேண்டும்.

உன் தாய்மாமன்,
நிழற்பட நிபுணர்

மார்ச் 12

சுண்டெலிக்கு,

என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறதே என்று பார்க்காதே. வலது கை விரல்கள் நான்கு நாளாக என்னுடையவை மாதிரி இல்லை. மாடிப்படி வேறு நீண்டுவிட்டது. நடுவில் மூன்று முறை நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய கல்லைத் தூக்க நேற்றுவரை தெம்பு வரவில்லை. இன்று காலை ஒரு வழியாகச் சமையலறைக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. கவர் மேல் சிவப்பு மையில் 'உடனே படிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். ஐந்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டில் வாத்தியார் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அதைக் காட்டப் பயந்து வீட்டுக்கு வெளியே நின்றவன், அதற்கப்புறம் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. படங்கள் எப்படி வந்தன என்று எனக்கே தெரியும். ஒன்றில் என் கட்டைவிரல் இருந்ததைக் கவரில் போட்ட பிறகுதான் கவனித்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷமும் ஸ்டூடியோவில் நான் பிடித்தது விளக்குக் குடை. முதலாளி ஒரு நாளும் கேமராவைத் தொட விட்டதில்லை. திரையைக் கட்டுவது, கறையைத் துடைப்பது, இதுதான் என் உத்தியோகம். அதனால்தான் பின்னணி மட்டும் எனக்கு அத்துப்படி. நீ தீவுக்குக் கிளம்பும்போது கேமராவை என் கையில் வைத்தாயே, அன்றைக்கு அத்தையிடம்கூடச் சொல்லாமல் பாத்ரூமில் போய் அழுதேன். ஒரே ஒரு படம், நான் எடுத்தது என்று சொல்கிற மாதிரி, எடுத்துவிடுகிறேன். பதினான்காம் தேதி குஞ்சு வந்துவிடும். எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரிப்பேன். அதுவரை உன் திட்டு எல்லாம் கவருக்குள் பத்திரமாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுத் தையற்காரர் தபால் போடப் போகிறாராம், வாசலில் நிற்கிறார்.

"என்ன சார், ஆளு ஒரு பக்கமா சாயுறீங்க?"

"நீங்க தெச்ச சட்டை அப்படி இழுக்குது."

"கையில அது என்ன, பிரிக்காத கடுதாசி? செவப்புல என்னமோ எழுதியிருக்கு?"

"என் அக்கா பொண்ணோட பாராட்டு. மெதுவாப் படிக்கணும்."

எப்படி என் சமாளிப்பு?

அத்தைக்குத்தான் குளிர் விடவில்லை. மூச்சு வாங்குகிறது, பேச்சுக் குறைந்துவிட்டது. நான் வம்புக்கு இழுத்தாலும் பதில் இல்லை. அடுப்புச் சூடு இதமாக இருக்கும் என்று அவள் கட்டிலைச் சமையலறைக்குள்ளேயே இழுத்துப் போட்டுவிட்டேன். காற்று வராமல் ஜன்னல்களையும் சாத்தியாயிற்று. இந்த முறை இரண்டு அண்டா வைத்திருக்கிறேன். தண்ணீர் கொதித்துவிட்டது, கூப்பிடுகிறது.

உன் மாமா